இருட்டில் திறந்த ஃப்ரிட்ஜ்

அத்தியாயம் ஐந்து

"சாப்பிடத் தட்டாவது வெச்சிருக்கியா?" என்று கேட்டார் நெரெய்தா.

"அதையும் குடுத்துட்டேன். காலைல வாழைக்காயைச் சட்டி மூடியில போட்டுத் தின்னேன்" என்றான் ரெமிஹியோ. "மூடியையும் ஒரு அம்மா கேட்டிருக்கா. நாளைக்கு வந்து எடுத்துக்குவா."

ஊரைவிட்டுப் போகிறவன் வீடு அப்படித்தான் இருக்கும். கட்டில் இருந்த இடத்தில் நான்கு கால் தடம். ஃபேன் தொங்கிய இடத்தில் கொக்கி. நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்றுகொண்டே பேசினோம். ஹவானாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் எங்கள் ரெக்லாவில் மதிய வெயில் ஏறினால் தெருநாய்கள்கூட ஒரே பக்கமாகத்தான் படுக்கும். அந்த நாய்களோடு சேர்ந்து நாங்களும் சுவரோரம் ஒண்டியிருந்தோம்.

நெரெய்தா போலீஸில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். ஓய்வு என்று அவர் சொல்வார். எங்கள் தெருக்காரர்கள் விட்டால்தானே? கோழி காணாமல் போனாலும் புருஷன் காணாமல் போனாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நான் ஃபீட்டோ. துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்கினேன். கப்பல் வருவது நின்றது. இப்போது சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிறேன். அவருக்கு முட்டி போய்விட்டது, எனக்கு முதுகு போய்விட்டது. இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டினால் உருப்படியாக ஒரு ஆள் கிடைப்பான்.

ரெமிஹியோவின் விஷயம் இதுதான். ஓவியர் அபெலார்தோவின் படங்களுக்கு மரச்சட்டம் அடிப்பவன் இவன். போன வாரம் அக்கரையில், பழைய ஹவானாவில் ஒரு ஓவியக் காலரியில் அவருடைய கண்காட்சியைத் திறந்தார்கள். அபெலார்தோ மின்வெட்டை வரைகிறவர். கான்வாஸ் துணிக்குப் பதில் படுக்கை விரிப்பை இழுத்துக் கட்டி, மண்ணெண்ணெய் விளக்கின் புகையைச் சுரண்டிக் குழைத்த கருப்பில் வரைவார். எங்கள் ராத்திரிகளை அவரைப்போல வரைய ஆள் கிடையாது. அவரை எல்லாரும் இருட்டு மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

திறப்பு விழாவில் ஒரு படத்துக்கு முன்னால் யாரோ ஒரு பெண் வெடித்துச் சிரித்தாள். "எவடி இவ, கரண்ட் கட்டுல ஃப்ரிட்ஜைத் திறந்து போட்டுட்டு நிக்கறவ!" படத்தில் இருந்தது அதுதான். இருண்ட சமையலறை. ஒரு பெண். வாய் பிளந்த ஃப்ரிட்ஜ். கூடமே சிரித்தது. அபெலார்தோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தார். "இது என் படம் இல்ல" என்றார். நிபுணர் ஒருவர் வந்து பார்த்து, கருப்பு அவருடைய புகைக் கருப்பு இல்லை, கடையில் வாங்கிய கருப்பு என்றார். காலரிக்காரர்கள் போலிப் படம் என்று புகார் கொடுத்துவிட்டார்கள்.

படங்களைத் தூக்கிக்கொண்டு படகு ஏறியவன் ரெமிஹியோ. பழி அவன் தலையில் விழுந்தது.

"அவர் வீட்டு மொட்டைமாடியில குவியலா இருந்துச்சு. அள்ளிட்டு வந்து சட்டம் அடிச்சேன்" என்றான். "நான் அடிக்கறது இடிஞ்ச வீட்டு உத்தரத்தை அறுத்து. நடுவுல இருக்கற துணியை யார் வரைஞ்சான்னு நான் துணியைப் புடிச்சு விசாரிக்கவா?"

"நீ ஒரு காலத்துல கடை போர்டு எழுதுவியே?"

"அதுதான் கேப்டன் வினை. 'பிரஷ் புடிக்கத் தெரிஞ்சவன்'னு புகார்ல எழுதிட்டாங்க. சலூன் போர்டு எழுதினதுக்கு இத்தனை வருஷம் கழிச்சு எனக்குக் கிடைச்ச பாராட்டு."

நாளைக் காலையில் அவன் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். வழக்கு பதிந்தால் அந்த நிமிடமே அவன் பெயரில் பயணத் தடை விழும். நாளைச் சாயங்காலம் அவனுக்கு விமானம். மகள் உருகுவேயில் இருக்கிறாள். பேரன் இவனை ஃபோனில் மட்டும் பார்த்தவன். தாத்தா என்றால் விரல் அளவு ஒரு மனிதன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

"கேப்டன்" என்றான் ரெமிஹியோ. "தடை விழுந்தா இந்த வீட்டுல நான் எதுல படுப்பேன்?"

நெரெய்தா சுவரோரத்தை விட்டு நகர்ந்தார். ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்து என் முதுகைத் தட்டினார்.

*

அபெலார்தோவின் பட்டறை மேட்டுத் தெருவில், மூன்று மாடி ஏறி மொட்டைமாடியில் இருந்தது. நேற்றுச் சாயங்காலம் போன கரண்ட் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. லிஃப்ட் இருந்தால்தானே அது நிற்பதற்கு என்று சொல்லிக்கொண்டு ஏறினோம்.

"ஒவ்வொரு படியிலயும் என் முட்டி என்னைக் கேள்வி கேட்குது" என்றார் நெரெய்தா.

"என்ன கேட்குது?"

"எதுக்கு இந்தத் தடியனைக் கூட்டிட்டு வந்தே, தூக்கிட்டுப் போகக்கூட உதவலையேன்னு."

அபெலார்தோ கதவைத் திறந்தார். உயரம். வெள்ளைத் தாடி. நகக்கண்ணில் கருப்பு. மேஜையில் விளக்கு. சுவர் முழுக்க எங்கள் ராத்திரிகள். செல்ஃபோன் வெளிச்சத்தில் டோமினோ ஆடுகிறவர்கள். அட்டையால் குழந்தைக்கு விசிறும் தாய். குடத்தோடு குழாயடியில் தூங்கிவிட்ட ஒரு கிழவர். பார்க்கப் பார்க்க எனக்குக் கொட்டாவி வந்தது. அலுத்துப்போய் வந்ததில்லை. அந்தத் தூக்கம் என்னுடைய தூக்கம்.

"பாவம், களைச்சுப்போய் வந்திருக்கீங்க" என்று சொல்லி ஒரு தெர்மாஸைத் திறந்து ஆளுக்கொரு தம்ளர் தண்ணீர் ஊற்றினார். ஐஸ் மிதந்தது. நான் மடக்கென்று குடித்தேன். பல் கூசியது. பல் கூசி எத்தனை நாளாயிற்று! வெட்கத்தை விட்டு இன்னொரு தம்ளர் வாங்கினேன். நெரெய்தா தம்ளரைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். தம்ளருக்கு வேர்த்து, அவர் மடியில் சொட்டியது.

"மாஸ்டர், அந்தப் படத்தை வரைஞ்சது யாரா இருக்கும்?"

"யாரோ பசிச்சவன். எனக்குக் கோபம் இல்ல. ஆனா என்னோட படம் இல்ல அது. நீங்களே சொல்லுங்க, கரண்ட் கட்டுல யாராவது ஃப்ரிட்ஜைத் திறப்பாங்களா?"

"ரெமிஹியோ நாளைக்குப் பிளேன் ஏறணும்."

அவர் விளக்கின் திரியைத் திருகினார். "தெரியும். நல்லவன். புகார் குடுத்தது காலரிக்காரங்க. என் கையில என்ன இருக்கு?"

"உங்க கையிலயா? கருப்பு இருக்கு" என்றார் நெரெய்தா. தம்ளரைக் குடிக்காமலே மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார். இறங்கும்போது அவருக்கு முட்டி வலி மறந்துபோயிருந்தது. அப்படி இறங்கினால் அவர் எதையோ பிடித்துவிட்டார் என்று அர்த்தம். என்னிடம் சொல்லமாட்டார். சொல்லிவிட்டால் அப்புறம் நான் எதற்கு மிதிப்பேன்?

*

இலையில்லாத ஒரு மரத்தின் கீழே வண்டியை நிறுத்தச் சொன்னார். படத்தின் ஃபோட்டோ அவர் ஃபோனில் இருந்தது. ஃபோனில் சிவப்புக் கோடுதான் மிச்சம்.

"சீக்கிரம் பார். அணைஞ்சா இன்னிக்கு உயிர் வராது. ஃபீட்டோ, உன் வீட்ல கரண்ட் போனா முதல்ல என்ன செய்வே?"

"திட்டுவேன்."

"அப்புறம்?"

"பொண்டாட்டி ஃப்ரிட்ஜ் கதவைச் சுத்தித் துணியைக் கட்டிடுவா. தொட்டவன் கை உடையும். போன மாசம் மாமியார் ஒரு வாய் தண்ணி எடுக்கத் திறந்துட்டா."

"என்ன ஆச்சு?"

"உள்ளே இருந்த கோழிக்கால் தப்பிச்சிருச்சு. அம்மாவுக்கும் மகளுக்கும்தான் இன்னும் பேச்சு இல்ல."

"இந்த ஊர்ல ரெண்டு வயசுக் குழந்தைக்கும் தெரியும், திறக்கக் கூடாதுன்னு. அப்போ திறக்கறவ யாரு?"

"பைத்தியம். இல்லேன்னா வெளிநாட்டுக்காரி."

"இல்லேன்னா கரண்ட் கட் பழகாதவ."

"பழகாதவங்க எல்லாம் பெரிய மனுஷங்க கேப்டன். அவங்க எங்கே நம்ம பக்கம்..." சொல்லும்போதே எனக்கு உறைத்தது. "ஆஸ்பத்திரி லைன்!"

குன்றுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதற்குப் போகிற கம்பியை அணைக்க முடியாது. அந்தக் கம்பியில் கூடவே தொங்கிக்கொண்டு நாலைந்து தெருக்கள் சொர்க்கத்தில் வாழ்கின்றன. அங்கே ஒரு அறைக்காக இங்கே முழு வீட்டைக் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் உண்டு. என் மனைவி என்னையே கொடுக்கத் தயார். எதிர்ப்பக்கம் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

"தரையைப் பார்" என்றார் நெரெய்தா. "ஜன்னல் கம்பியோட நிழல்."

பார்த்தேன். படத்தில் ஜன்னல் வழியாக ஒரு வெள்ளை வெளிச்சம். தரையில் கம்பிகளின் நிழல். ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு நிழல்.

"நிலா வெளிச்சம்தானே?" என்றேன்.

"நம்ம ஊருக்கு எப்போலேருந்து ரெண்டு நிலா?"

ஃபோன் அணைந்தது. எனக்குள் விளக்கு எரிந்தது. ஆஸ்பத்திரிக் கூரையில் இரண்டு பெரிய விளக்குகள் உண்டு. ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் போடுவார்கள்.

"அப்போ போலிக்காரன் அங்கேதான் இருக்கான்!"

"மிதி" என்றார். "மேடுன்னு முனகாதே."

*

நாங்கள் குன்றைச் சுற்றி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பின்னால் ரெக்லா இருட்டில் மூழ்கிக் கிடந்தது. முன்னால் அந்தத் தெரு. வாசல்தோறும் மஞ்சள் விளக்கு. ஜன்னல்தோறும் ஃபேன் சத்தம். ஒரு வீட்டில் டிவி, ஒரு வீட்டில் பாட்டு, இரண்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. இந்த மக்களுக்கு முகம்கூடக் கொஞ்சம் தூங்கி எழுந்த முகமாக இருந்தது.

வாசலில் குச்சி ஐஸ் விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டேன். "இந்தப் பக்கம் படம் வரையறவங்க யாராவது இருக்காங்களா?"

"நீலக் கதவு, கண்ணு. எடெல்மிராவோட ஆள். வந்து மூணு வருஷம் இருக்கும். தங்கமான மனுஷன். ராத்திரியும் பகலும் ஃபேனை மட்டும் நிறுத்தவே மாட்டார்."

நான் வண்டியிலிருந்து காற்றடிக்கும் பம்பை உருவிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"எதுக்கு?" என்றார் நெரெய்தா.

"போலிக்காரன் பாய்ஞ்சா?"

"காத்தடிச்சு விடப் போறியா?"

நீலக் கதவைத் தட்டினார். உள்ளே செருப்புச் சத்தம். கதவு திறந்தது. அரைக்கால் சட்டை, பனியன், ஈரத் தாடி. குளித்துவிட்டு வந்திருந்தார்.

அபெலார்தோ.

"கேப்டன்" என்றேன். "போலிக்காரன் ஆளையே அச்சு அசலா வரைஞ்சு வெச்சிருக்கான்."

நெரெய்தா சிரிக்கவில்லை. "ஐஸ் தண்ணிக்கு நன்றி சொல்லலாம்னு வந்தோம் மாஸ்டர். நேத்துலேருந்து கரண்ட் இல்லாத மாடியில ஐஸ் எப்படி வந்துச்சுன்னு அங்கேயே கேட்டிருக்கலாம். உங்களைச் சங்கடப்படுத்த வேணாம்னு விட்டுட்டேன்."

அவர் கதவை மூடப் பார்த்தார். பிறகு அதற்கும் தெம்பு இல்லாதவர்போல அகலத் திறந்துவிட்டு உள்ளே நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். சமையலறை. மூலையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ். கைப்பிடி உடைந்து, அதற்குப் பதில் ஒரு கரண்டியைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அந்தக் கரண்டியை நான் சற்று முன்தான் ஃபோனில் பார்த்திருந்தேன்.

அடுப்பருகே நின்றிருந்த பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிற எடெல்மிரா அவள்தான். "யாருய்யா இவங்க?"

"ரெமிஹியோவுக்காக வந்திருக்காங்க."

"அவனுக்கு என்ன? உருகுவே போறான்னு சொன்னியே?"

"போகல" என்றார் நெரெய்தா. "நாளைக்கு அவன் மேல கேஸ். உங்க வீட்டுக்காரர் வரைஞ்ச படத்தை அவன் வரைஞ்சதாக் கேஸ்."

எடெல்மிரா துணியை மேஜையில் எறிந்தாள். "எனக்கு ஏன்யா சொல்லலை? மூணு வருஷமா ஒரே தட்டுல சோறு திங்கறோம்! அந்த ஆளு போன மாசம்கூட அந்த அலமாரிக்கு ஒரு காசு வாங்காமக் கதவு அடிச்சு உன்கிட்டக் குடுத்தனுப்பினான்!"

"கத்தாதே."

"கத்துவேன். என் வீட்ல கத்துவேன்."

அபெலார்தோ நாற்காலியில் உட்கார்ந்தார். தலைக்குமேல் ஃபேன் சுற்றியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு அறுபத்து நாலு வயசு. ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, வேர்க்காம, கொசு கடிக்காம தூங்கணும்னு இருந்துச்சு. இவ கூப்பிட்டா. வந்தேன். தூங்கினேன். மறுநாளும் தூங்கினேன். அப்புறம் திரும்பிப் போக முடியலை. பகல்ல அந்த மாடிக்குப் போய் உட்காருவேன். வாங்கறவங்க வந்தா விளக்கைக் காட்டுவேன். வரையறதெல்லாம் ஞாபகத்துலேருந்துதான்."

"அந்தப் படத்துல இருக்கற கருப்பு?" என்றேன்.

"மத்ததெல்லாம் மாடியில வரைஞ்சது, அது மட்டும் இங்கே வரைஞ்சது. இங்கே விளக்கு ஏது, புகை ஏது? கடைக் கருப்புதான்."

"அப்போ நாளைக்குக் காலையில வந்து இதைச் சொல்லுங்க" என்றார் நெரெய்தா.

"சொல்லிட்டு? இருட்டு மாஸ்டர் ஆஸ்பத்திரி லைன்ல ஃபேன் போட்டுத் தூங்கறான்னு ரெக்லா பூரா சிரிக்கும். டோமினோ ஆடறவன், குடம் தூக்கறவன், நான் வரைஞ்ச அத்தனை பேரும் என் மூஞ்சில துப்புவாங்க. ரெமிஹியோ இன்னிக்கு இல்லேன்னா அடுத்த மாசம் போவான். நான் எங்கே போவேன்?"

"அடுத்த மாசமா? அவன்கிட்ட தட்டுகூட இல்ல மாஸ்டர்."

"என்னால முடியாது."

நெரெய்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது ஃபேன் நின்றது.

ஃபேன் மட்டும் என்றா சொன்னேன்? டிவி நின்றது. பாட்டு நின்றது. தெரு நின்றது. ஜன்னல் வழியே பார்த்தேன். வளைகுடாவுக்கு அக்கரையில், எப்போதும் மினுங்கிக்கொண்டிருக்கும் ஹவானாவும் இல்லை. நாட்டுக் கரண்டே மொத்தமாக விழுந்துவிட்டது. அப்படி வருஷத்தில் ஓரிரு தடவை விழும்.

எங்கள் தெருவாக இருந்தால் ஒரே ஒரு கெட்ட வார்த்தை கேட்டிருக்கும். அதோடு நாற்காலிகள் வாசலுக்கு வந்திருக்கும். இந்தத் தெருவோ அலறியது. "மெழுகுவத்தி எங்கே?" "வாங்கவே இல்லையே!" "அப்பா, எனக்குக் கண்ணு தெரியலை!" யாரோ நாய்மேல் விழுந்தார்கள். நாய் கத்தியது. குச்சி ஐஸ் அம்மாள் தெருவையே கூப்பிட்டாள், "உருகறதுக்குள்ள வாங்கடா, சும்மா தர்றேன்!"

ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் இருமி, உறுமி, ஓடத் தொடங்கியது. கூரையில் இரண்டு விளக்குகளும் எரிந்தன. ஜன்னல் வழியே வெள்ளை வெளிச்சம் சமையலறைக்குள் விழுந்தது.

"ஐயோ, என் மீன்!" என்று எடெல்மிரா ஓடினாள். கரண்டியைப் பிடித்து இழுத்தாள். ஃப்ரிட்ஜ் அகலத் திறந்தது.

"அம்மா, மூடுங்க! மூடுங்கம்மா!" என்று கத்திவிட்டேன். என் மனைவியின் குரலே என் தொண்டையிலிருந்து வந்தது.

அவள் மூடவில்லை. எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் உள்ளே இருந்த இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தரையில் ஜன்னல் கம்பிகள், ஒவ்வொன்றும் இரண்டிரண்டாக. நான் வாயை மூடினேன். நாங்கள் நான்கு பேரும் அந்தப் படத்துக்குள் நின்றுகொண்டிருந்தோம்.

போலியும் இல்லை, தப்பும் இல்லை. மயிரிழை பிசகாமல் அப்படியே இருந்தது.

"பார்த்து வரைஞ்சீங்க" என்றார் நெரெய்தா மெதுவாக.

அபெலார்தோ எழுந்து நின்றிருந்தார். "போன வருஷம் இதே மாதிரி விழுந்த அன்னிக்கு. இதோ, இங்கேதான் நின்னேன். இவ இப்படித்தான் திறந்தா. நான் இவளைக் கேலி பண்ணலை. மூணு வருஷத்துல கண்ணால பார்த்து நான் வரைஞ்சது இது ஒண்ணுதான். நானே கொண்டுபோய் அந்தக் குவியல்ல சொருகினேன். யாராவது ஒருத்தருக்காவது புரியும்னு."

"அப்புறம் ஏன் என்னுது இல்லன்னீங்க?"

"எல்லாரும் சிரிச்சாங்க."

எடெல்மிரா ஃப்ரிட்ஜைச் சாத்தினாள். சத்தம் கேட்காமல் சாத்தினாள்.

"அந்தப் படத்துல இருக்கறது நானா?" என்று கேட்டாள்.

அவர் தலையாட்டினார்.

"என்னையும் உன்னுது இல்லன்னுட்டே."

  அவர் இருட்டில் தடவித் தடவி ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார்.

"உன் வண்டியில மூணு பேர் போகலாமா?" என்று என்னைக் கேட்டார்.

"இறக்கம்தான் மாஸ்டர். நிறுத்தறதுதான் கஷ்டம்."

*

ஸ்டேஷனில் கணினி செத்திருந்தது. இளம் லெப்டினன்ட் ஒருவர் சட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். பெஞ்சில் ஏழெட்டுப் பேர். ஒருத்திக்குப் பன்றி காணோம். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு வந்து, இப்போது பக்கத்தில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"கரண்ட் வந்ததும் வாங்க" என்றார் லெப்டினன்ட்.

"பேனா இருக்கா தம்பி?" என்றார் நெரெய்தா.

"இருக்கு."

"அதுக்குக் கரண்ட் வேணாம்."

அவர் நெரெய்தாவை அடையாளம் கண்டு, அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு, காகிதம் தேடினார். வெளிச்சம் போட்ட ஃபோனைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். கேள்விகள் பல்லிடுக்கில் வந்தன.

"பெயர்?"

"அபெலார்தோ கின்தானா."

"தொழில்?"

"படம் வரையறது."

"அந்தப் படம்?"

"நான் வரைஞ்சது."

"காலரியில இல்லன்னு சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன்."

லெப்டினன்ட் ஃபோனை வாயிலிருந்து எடுத்தார். "ரெமிஹியோ மேல கேஸ் இனி நிக்காது. ஆனா பொய் சொன்னதுக்கு உங்களைக் கூப்பிடுவாங்க. தெரியும்ல?"

"கூப்பிடட்டும்."

"சரி. எங்கே வரைஞ்சீங்க? குடியிருக்கற விலாசம் சொல்லுங்க."

பெஞ்சில் குறட்டைகூட நின்றது. இருட்டு மாஸ்டரை அறியாதவர்கள் ரெக்லாவில் இல்லை. மேட்டுத் தெரு, மொட்டைமாடி என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அபெலார்தோ கையை மேஜைமேல் ஊன்றினார். மாடிப்படி ஏறி வந்தவர்போல மூச்சு வாங்கினார்.

"ஆஸ்பத்திரிக்குப் பின் தெரு" என்றார். "நீலக் கதவு. எடெல்மிரா வீடு."

 பன்றி காணாமல் போனவள்தான் ஆரம்பித்தாள். "அடேயப்பா! ஆஸ்பத்திரி லைனா! மாஸ்டர், எனக்கும் ஒரு பாய் போட இடம் இருக்கா?" தூங்கிய இருவரில் ஒருவன், "உங்க ஃபேனை ஒரு நாள் கடனாக் குடுங்க, நான் உங்களுக்கு என் இருட்டைத் தர்றேன்!" என்றான். ஸ்டேஷனே சிரித்தது. லெப்டினன்ட்டும் சிரித்தார். உண்மையைச் சொன்னால் நானும்.

அபெலார்தோ அப்படியே நின்றார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கடைசிச் சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"ரெமிஹியோ காலையில இங்கே வர வேணாம்" என்றார் லெப்டினன்ட். "நேரா ஏர்போர்ட்டுக்குப் போகச் சொல்லுங்க. கரண்ட் இருந்தா பிளேன் பறக்கும்."

"பிளேனுக்குக் கரண்ட் வேணாம் தம்பி" என்றார் நெரெய்தா.

வெளியே வந்தோம். நான் வண்டியைத் திருப்பினேன். "ஏறுங்க மாஸ்டர். ரெமிஹியோகிட்ட போய்ச் சொல்லிடலாம்."

"நீங்க போங்க. அவன்கிட்ட நானே நடந்துபோய்ச் சொல்றேன்."

"தெரு பூரா பள்ளம். கும்மிருட்டு."

"என் தெரு இது" என்றார்.

நடந்தார். ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு போயிருப்பார். இப்போது முதல் பள்ளத்திலேயே கால் இடறி, முட்டி போட்டு விழுந்தார். நான் வண்டியைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தேன். நெரெய்தா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு."

எழுந்தார். உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்தார். சுவரை ஒரு கையால் தொட்டுக்கொண்டு, ஒவ்வொரு வீடாகத் தடவித் தடவிப் போனார். வாசல்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள், யாரென்று தெரியாமலே, "பார்த்து, அண்ணே. அங்கே ஒரு குழி இருக்கு. கொஞ்சம் இடது பக்கமா வாங்க" என்று வழி சொன்னார்கள்.